கைக்கு வந்தது ஸ்கிரிப்டுக்கு வரவில்லை: எட்டு கியோஸ்க் கணினிகள் படுத்திய பாடு

ஒரு நூலகத்தின் வாசிப்பு அறையில் எட்டு மேசைக் கணினிகள். எல்லாம் வயதானவை, 4 ஜிபி நினைவகம், சுழலும் ஹார்ட் டிஸ்க். மின்சாரம் வந்ததும் யாரும் எதையும் தொடாமலேயே நூற்பட்டியல் பக்கம் முழுத்திரையில் வந்து நிற்க வேண்டும். தேடலாம், படிக்கலாம், வேறு எங்கும் போக வழி இருக்கக் கூடாது. டிக்கெட் கொடுக்கும் இயந்திரம் தன் வேலையைத் தவிர வேறெதையும் காட்டாது அல்லவா, அப்படி. இதைத்தான் கியோஸ்க் என்பார்கள். என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.

லினக்ஸ் வகையான டெபியன் 12, உள்நுழைவுக்கு லைட்டிடிஎம், சாளரங்களைக் கவனிக்க ஓப்பன்பாக்ஸ், உலாவியாகக் குரோமியம் என்று முடிவு செய்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேலண்டில் இயங்கும் 'கேஜ்' என்ற சிறு நிரலையும் பார்க்கலாம். ஒரே ஒரு செயலியை முழுத்திரையில் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டது அது. எனக்கு வேலண்டுக்கு முந்தைய எக்ஸ் (இரண்டும் லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் அடித்தளங்கள்) பழகிய பாதை. அதிலேயே போனேன்.

முதல் கணினியை ஒரு சனிக்கிழமை கையாலேயே அமைத்தேன். மூன்று மணி நேரம் பிடித்தது, கச்சிதமாக வந்தது. பிறகு கட்டளை தட்டும் டெர்மினலின் கட்டளை வரலாற்றைத் திறந்து, தட்டியவற்றையெல்லாம் வரிசையாக எடுத்து, பாஷ் என்ற கட்டளை நிரல் தானே ஓட்டக்கூடிய ஒரே ஸ்கிரிப்டாகக் கோத்தேன். மீதி ஏழுக்கும் தலா பத்து நிமிடம் என்று மனக்கணக்கு. ஒன்பது நாள் ஆயிற்று.

இருக்கிற கோப்பை இல்லை என்றது

இரண்டாம் கணினியில் ஸ்கிரிப்டை ஓட்டியதும் முதல் வரியிலேயே நின்றது. 'பாஷ்: அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்று பதில். பாஷ் இல்லாமலா நான் இந்த டெர்மினலில் தட்டிக்கொண்டிருக்கிறேன்?

இது பழைய வியாதி; ஆனாலும் அரைமணி நேரத்தைத் தின்றது. பென் டிரைவில் ஏற்றும் முன் வேறொரு விண்டோஸ் கணினியில் ஓர் உரைத் தொகுப்பியில் திறந்து இரண்டு வரிகளைத் திருத்தியிருந்தேன். வழியில் அது லினக்ஸ் முறையிலிருந்து விண்டோஸ் முறைக்கு மாறியிருக்கிறது. விண்டோஸ் முறையில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்று இரண்டு பைட்டுகள். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். மிஞ்சிய அந்த 13 வரியின் கடைசிச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆக, கணினி தேடியது பாஷை அல்ல. பாஷ் என்ற பெயரின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிய வேறொரு நிரலை. அது இல்லைதான். கணினி பொய் சொல்லவில்லை.

கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையைப் பெரிய ஏ என்ற தெரிவோடு ஓட்டினால் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு தொப்பிக் குறியும் எம் எழுத்தும் வந்து நிற்கும். வரி முடிவுகளை மாற்றும் டாஸ்2யூனிக்ஸ் ஓட்டியதும் சரியானது. அன்றே ஸ்கிரிப்டை, கோப்பின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டில் போட்டேன். வரி முடிவு எப்போதும் லினக்ஸ் முறையில்தான் என்று அதற்குள்ளேயே ஒரு விதியும் எழுதினேன். ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக் என்ற கருவி இந்தக் கோளாறை முதல் வரியிலேயே காட்டிக்கொடுத்திருக்கும். நான் அதை ஓட்டியிருக்கவில்லை.

ஒரே வரி, தவறான வீடு

அடுத்த முறை ஸ்கிரிப்ட் கடைசி வரை ஓடி, 'முடிந்தது' என்று நான் எழுதி வைத்த சொல்லையும் காட்டியது. மறுதொடக்கம் செய்தேன். நூற்பட்டியல் வரவில்லை, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வந்தது. தானியங்கி உள்நுழைவு நடக்கவில்லை.

லைட்டிடிஎம்மின் அமைப்புக் கோப்பைத் திறந்து கடைசிக்குப் போனேன். தானாக உள்நுழைய வேண்டிய பயனரின் பெயர், நான் கொடுத்தபடியே, எழுத்துப் பிழையின்றி இருந்தது. முதல் கணினியின் கோப்பிலும் அதே வரி. இரண்டையும் டிஃப் கட்டளையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வரி ஒன்றுதான், இடம் வேறு.

அந்தக் கோப்பு சதுர அடைப்புக்குறித் தலைப்புகளால் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டது. தானியங்கி உள்நுழைவுக்கான வரி 'சீட்' என்ற பகுதிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே தொலை உள்நுழைவுக்கான வேறு பகுதிகள் உண்டு. கடைசியில் இருப்பது விஎன்சி சர்வருக்கான பகுதி. என் ஸ்கிரிப்டோ இரட்டை அம்புக்குறி போட்டு வரியைக் கோப்பின் வாலில் ஒட்டியது. அது விஎன்சி பகுதிக்குள் போய் விழுந்தது. அந்தப் பகுதிக்கு இந்த வரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. திரையில் பிழை என்றும் சொல்லாது, பேசாமல் தள்ளிவிடும்.

முதல் கணினியில் ஏன் சரியாக வந்தது? அங்கே நான் நானோ தொகுப்பியில் கோப்பைத் திறந்து, கண்ணால் தேடி, உரிய தலைப்பின் கீழ் எழுதியிருந்தேன். கட்டளை வரலாற்றில் பதிவானது 'நானோவில் இந்தக் கோப்பைத் திறந்தான்' என்பது மட்டும். உள்ளே போய் எந்த வரிக்கு நகர்ந்தேன், எங்கே என்டர் தட்டினேன் என்பது எதிலும் இல்லை. அந்த இடைவெளியை நானே என் நினைவிலிருந்து நிரப்பினேன். நினைவுக்கு வரி ஞாபகம் இருந்தது, இடம் ஞாபகமில்லை. இதற்குப் பிறகு வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இதே குடும்பம்தான்: கை செய்தது, ஆனால் சொல்லவில்லை.

இன்னொன்றும் அதே கோப்பில் கிடைத்தது. வரி வாலில் ஒருமுறை மட்டும் இல்லை. நான்கு முறை இருந்தது. ஸ்கிரிப்டை நான்கு தடவை ஓட்டியிருந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒன்றை ஒட்டியிருக்கிறது. இரட்டை அம்புக்குறியை அமைப்பு ஸ்கிரிப்டில் பயன்படுத்துவது தீட்டிய கத்தியைப் பிடி இல்லாமல் பிடிப்பது போல. லைட்டிடிஎம்முக்கு இதற்கென்றே ஒரு துணைக் கோப்புறை இருக்கிறது. அதில் நம் சொந்தக் கோப்பு ஒன்றைத் தலைப்போடு முழுதாக எழுதி வைத்தால் போதும். மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம், நூறு முறை ஓட்டினாலும் ஒரே கோப்புதான். ஸ்கிரிப்ட் முழுவதும் இப்படி மாற்றினேன்: எதையும் ஒட்டுவதில்லை, முழுக் கோப்பாக எழுதுவது.

பத்து நிமிடக் கறுப்பு

இரண்டும் மூன்றும் இப்போது நூற்பட்டியலைக் காட்டின. பூட்டிவிட்டுப் போனேன். மறுநாள் காலை வாசிப்பு அறைப் பொறுப்பாளர் அழைத்தார். "தம்பி, எல்லாம் தானாக அணைந்து போகிறது. ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தி எழுப்ப வேண்டியிருக்கிறது."

எழுப்பவில்லை அவர்கள், அணைத்திருக்கிறார்கள். திரை மட்டும்தான் கறுத்திருந்தது. எக்ஸ் தன் இயல்பில் 10 நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரையை வெறுமையாக்கிவிடும். கணினி அணைந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் மின்பொத்தானை அழுத்த, அது ஒழுங்காகப் பணிநிறுத்தம் செய்துகொண்டது. அடுத்தவர் அழுத்த, மீண்டும் தொடங்கியது.

ஆனால் திரை அணையாமல் இருக்க எக்ஸ்செட் கட்டளைகள் மூன்றை ஸ்கிரிப்டில் எழுதியிருந்தேனே? எழுதியிருந்தேன். கூடவே, ஒவ்வொன்றின் பின்னாலும் வெளியீட்டையும் பிழையையும் வெற்றுச் சாதனத்துக்கு (எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் இடம்) திருப்பிவிடும் வாலையும் எழுதியிருந்தேன். ஓடும்போது திரை சுத்தமாக இருக்கட்டும் என்ற அலங்கார ஆசை. வாலை வெட்டிவிட்டு ஓட்டினேன்: 'டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை.' ஸ்கிரிப்டின் வாயை நானே கட்டிவிட்டு, ஏன் பேசவில்லை என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் எளியது. முதல் கணினியில் இந்தக் கட்டளைகளை வரைகலை அமர்வுக்குள் இருந்த டெர்மினலில் தட்டினேன். எந்தத் திரை என்பது அங்கே சூழலுக்கே தெரியும். ஸ்கிரிப்ட் ஓடுவதோ முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக, எந்தத் திரையும் தெரியாத இடத்தில். அப்படியே வேலை செய்திருந்தாலும் பயனில்லை. எக்ஸ்செட் கொடுக்கும் ஆணை அந்த எக்ஸ் அமர்வு இருக்கும் வரைதான், மறுதொடக்கத்தில் போய்விடும். முதல் கணினியும் அன்றிரவு கறுத்துத்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வரிகளையும் ஓப்பன்பாக்ஸின் தொடக்கக் கோப்புக்கு நகர்த்தினேன். மின்பொத்தானைச் சட்டை செய்யாதே என்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டியின் உள்நுழைவு மேலாளருக்கு ஒரு வரி. நான்கைந்து நொடி அழுத்திப் பிடித்தால் எப்படியும் அணையும், அதை மென்பொருள் தடுக்க முடியாது. பிறகு ஸ்கிரிப்டில் இருந்த எல்லா வாய்க்கட்டுகளையும் அவிழ்த்தேன். தலையில், ஏதேனும் ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நின்றுவிடு என்ற செட் வரியைச் சேர்த்தேன். அன்று மாலை ஸ்கிரிப்ட் மூன்று இடங்களில் நின்றது. மூன்றும் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்த கட்டளைகள்.

அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். குரோமியத்துக்கான கொள்கைக் கோப்பை (உலாவியில் எது அனுமதி, எது தடை என்று சொல்வது) நான் எழுதிய இடம், குரோமுக்கு உரிய கோப்புறை. பெயர் ஏறக்குறைய ஒன்று, பாதை வேறு. டெபியனின் குரோமியம் தன் கொள்கைகளை, அமைப்புக் கோப்புகள் இருக்கும் 'எட்சி'க்குள் தன் பெயரிலுள்ள கோப்புறையில்தான் தேடும். உலாவியின் கொள்கைப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் பட்டியல் காலியாக இருப்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். எந்தப் பூட்டையும் போட்ட பிறகு கதவை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது வீட்டுக்குத் தெரிகிறது, கணினி முன் உட்கார்ந்தால் மறந்துவிடுகிறது.

சாளர வெள்ளம்

இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இதுதான், நடந்தபோது பிடிக்கவில்லை.

உலாவி எப்படியோ மூடப்பட்டாலும் உடனே திரும்பி வர வேண்டும் என்பதற்காக ஒரு முடிவிலாச் சுழல் எழுதியிருந்தேன். குரோமியத்தைத் தொடங்கு, அது முடிந்தால் 2 நொடி பொறு, மறுபடி தொடங்கு. முதல் கணினியில் ஆல்ட் எஃப்4 அழுத்தினால் சில நொடிகளில் பக்கம் திரும்பி வரும். பார்க்கவே பெருமையாக இருக்கும்.

நான்காவது கணினியில் தொடங்கிய சில நிமிடங்களில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தது, பிறகு நின்றது. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. தொலைவிலிருந்து கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போவதற்கே இரண்டு நிமிடம் ஆயிற்று. செயல்முறைப் பட்டியலைப் பார்த்தால் குரோமியத்தின் பிள்ளைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மறுதொடக்கம் செய்து இந்த முறை கூடவே உட்கார்ந்து பார்த்தேன். 2 நொடிக்கு ஒன்று வீதம் ஒரு புதிய சாளரம், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே அளவில், ஒரே பக்கத்தோடு. மேலே தெரிவது எப்போதும் ஒன்றுதான். அதனால் வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே இருந்தது. நிமிடத்துக்கு முப்பது. 4 ஜிபி எத்தனை நேரம் தாங்கும்?

குரோமியம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது அதே சுயவிவரத்தோடு (உலாவி தன் அமைப்புகளையும் வரலாற்றையும் வைக்கும் கோப்புறை) இன்னொரு முறை அதைத் தொடங்கினால், புதியது ஓடுவதில்லை. முகவரியைப் பழையதிடம் ஒப்படைத்துவிட்டு உடனே முடிந்துவிடும். பழையது ஒரு புதிய சாளரத்தைத் திறக்கும். ஆக என் சுழல் ஒன்றல்ல, இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. முதல் சுழலின் குரோமியம் நிம்மதியாக ஓடியது. இரண்டாவது சுழல் தொடங்கிய குரோமியம் ஒவ்வொரு முறையும் ஒப்படைத்துவிட்டு இறந்தது; சுழலோ, ஐயோ உலாவி போய்விட்டதே என்று 2 நொடியில் மறுபடி எழுப்பியது.

இரண்டு சுழல் எப்படி வந்தது? ஓப்பன்பாக்ஸின் தொடக்கக் கோப்பில் ஒன்று எழுதியிருந்தேன். ஆரம்பத்தில் சோதனைக்காக டெஸ்க்டாப் தானியங்கித் தொடக்கக் கோப்புறையிலும் ஒன்று வைத்து, அது வேலை செய்யவில்லை என்று விட்டுவிட்டேன், அழிக்கவில்லை. அந்தக் கோப்புறையைப் படித்து ஓட்டுவதற்கு ஓப்பன்பாக்ஸுக்கு ஒரு சிறு பைத்தான் தொகுப்பு தேவை. முதல் கணினியில் அது நிறுவப்படவில்லை, அதனால் இரண்டாவது சுழல் அங்கே என்றைக்கும் பிறக்கவில்லை. நான்காவதில் வேறு எதனுடனோ சேர்ந்து அந்தத் தொகுப்பு வந்திருந்தது. வேலை செய்யவில்லை என்று கைவிட்ட கோப்பு, ஒரு நாள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

கோப்பை அழித்தேன். அத்தோடு விடாமல், சுழலின் தலையில் எஃப்லாக் கட்டளையால் ஒரு பூட்டும் போட்டேன். இரண்டாவதாக வருகிறவன் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவான்.

குளோன் எடுத்த அவசரம்

ஆறாம் நாள் பொறுமை போய்விட்டது. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் ஸ்கிரிப்ட் வேண்டாம், முதல் கணினியின் வட்டையே அப்படியே படியெடுத்துவிடுவோம் என்று குளோன்சில்லாவை எடுத்தேன். படியெடுத்த பின் கணினிப் பெயரை மாற்றினேன், எந்திர அடையாளக் கோப்பைக் காலியாக்கினேன் (அடுத்த தொடக்கத்தில் சிஸ்டம்டி புதிதாக உருவாக்கிக்கொள்ளும்), எஸ்எஸ்ஹெச் சாவிகளைப் புதிதாக்கினேன். இவ்வளவு கவனமாக இருந்தும் இரண்டிலும் உலாவி திறக்க மறுத்தது. பதிவில் ஒரு வரி: இந்தச் சுயவிவரத்தை வேறொரு கணினியில் இயங்கும் குரோமியம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

வேறொரு கணினியா? சுயவிவரக் கோப்புறையைத் திறந்து நீளப் பட்டியல் கேட்டேன். 'சிங்கிள்டன்லாக்' என்று ஒரு சிம்லிங்க், அதாவது வேறொன்றைச் சுட்டும் குறிப்பு. அது சுட்டுவது எந்தக் கோப்பையும் அல்ல. முதல் கணினியின் பெயர், ஒரு கோடு, ஒரு செயல்முறை எண். அவ்வளவுதான் அந்தப் பூட்டு. ஒரு சீட்டில் 'இன்னார் உள்ளே இருக்கிறார்' என்று எழுதிக் கதவில் ஒட்டியது போல.

முதல் கணினியை நான் வழக்கம்போல வயரைப் பிடுங்கித்தான் அணைத்திருந்தேன்; சீட்டு கிழிக்கப்படாமல் நின்றுவிட்டது. அதே கணினியில் என்றால் கவலையில்லை. அந்த எண்ணுள்ள செயல்முறை உயிரோடு இல்லை என்று குரோமியம் பார்த்துவிட்டுத் தானே சீட்டைக் கிழித்துவிடும். ஆனால் பெயர் மாறிவிட்டால், வேறு கணினியில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று இங்கிருந்து எப்படிப் பார்ப்பது? அதனால் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது. நியாயம்தான்.

சீட்டைக் கிழிப்பதற்குப் பதிலாக, கதவே தினமும் புதிதாக இருக்கட்டும் என்று செய்தேன். சுயவிவரம் இப்போது நினைவகத்தில் இருக்கும் தற்காலிகக் கோப்புறையில். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். 'முன்பு திறந்திருந்த பக்கங்களை மீட்கவா' என்ற கேள்வியும், ஒருவர் தேடியதை அடுத்தவர் பார்க்கும் சங்கடமும் இதோடு ஒழிந்தன. ஒரு கண்ணி மட்டும் உண்டு: பயனரின் அந்தக் கோப்புறைக்குச் சிஸ்டம்டி இயல்பாக ஒதுக்குவது மொத்த நினைவகத்தில் 10 விழுக்காடு. 4 ஜிபியில் ஏறத்தாழ 400 எம்பி. உலாவியின் தேக்ககம் (கேஷ்) அதைத் தின்றுவிடும் என்பதால் தேக்கக அளவை 50 எம்பிக்குக் கட்டிவைத்தேன். முதல் தடவை வரவேற்புத் திரை வேண்டாம், கடவுச்சொல் பெட்டகம் கேட்க வேண்டாம் என்ற இரண்டு தெரிவுகளும் இப்போது அவசியமாயின. புதுச் சுயவிவரம் ஒவ்வொரு நாளும் புதுமனிதரைப் போலக் கேள்வி கேட்கும்.

டைனோசர்

"தம்பி, மூன்றாவது கணினியில் டைனோசர் ஓடுகிறது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்."

இணைப்பு இல்லாதபோது குரோமியம் காட்டும் பக்கத்தில் இடைவெளி விசையைத் தட்டினால் ஒரு விளையாட்டு தொடங்கும். நூலகத்தில் அன்று அதிகம் பயன்பட்ட கணினி அதுதான். உலாவி, வலைப்பின்னல் தயாராவதற்கு முன்பே எழுந்துவிடுகிறது. இணைப்பு வந்ததும் பக்கம் தானே மீண்டும் ஏற்றப்பட வேண்டும். அன்று அந்த மூன்றாவது கணினியில் அப்படி நடந்ததாகத் தெரியவில்லை.

முதலில் சிஸ்டம்டியின் 'நெட்வொர்க் ஆன்லைன்' இலக்கு எட்டப்படும் வரை காத்திருக்கச் சொன்னேன். தேறவில்லை. அந்த இலக்கு சொல்வது அட்டைக்கு முகவரி கிடைத்துவிட்டது என்பதைத்தான்; நூற்பட்டியல் சர்வர் பதில் சொல்கிறது என்பதை அல்ல. போதாக்குறைக்கு, வரைகலை அமர்வு அதற்காகக் காத்திருப்பதே இல்லை. கடைசியில் சுழலுக்கு முன்னால் எளிய முறை ஒன்றை வைத்தேன்: கர்ல் கட்டளையால் நூற்பட்டியல் முகவரியையே தட்டிப் பார், பதில் வரும் வரை 2 நொடிக்கு ஒருமுறை தட்டு, அதுவரை 'சற்றுப் பொறுங்கள்' என்ற படம் திரையில் இருக்கட்டும். எதற்காகக் காத்திருக்கிறோமோ அதையே கேட்டுவிடுவது மேல்.

ஆனால் மூன்றாவதில் மட்டும் அந்தப் படம் அரை நிமிடத்துக்கு மேல் நின்றது. கணினியின் பதிவேட்டில் கம்பி இணைப்பு வந்த நேரத்தையும் முகவரி கிடைத்த நேரத்தையும் கழித்தேன்: 31 நொடி. இந்த எண்ணைப் பார்த்ததும் வலைப்பின்னல்காரர்களுக்குப் பொறி தட்டும். அந்தக் கணினி மட்டும் வேறொரு வலைப்பின்னல் ஸ்விட்சில் செருகப்பட்டிருந்தது. அதில், வலைப்பின்னலில் வளையம் உருவாகாமல் காக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறை. போர்ட் ஒன்று உயிர்பெற்றதும் அது 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், பிறகுதான் தரவை விடும். அந்தப் போர்ட்டில் இருப்பது வெறும் கணினிதான், இன்னொரு ஸ்விட்ச் அல்ல என்று அமைப்பில் சொல்லிவிட்டால் காத்திருப்பு இல்லை. ஸ்விட்சைக் கவனிப்பவர் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுத்தார். விளையாட்டை நிறுத்தவும் குரோமியத்தில் ஒரு கொள்கை இருக்கிறது. அதையும் போட்டேன், கொஞ்சம் மனவருத்தத்தோடு.

இதே காத்திருப்பு வரியால் ஆறாவதில் இன்னொன்று வெளிப்பட்டது. படம் போகவே இல்லை. கர்லின் புகார்: சான்றிதழ் இன்னும் நடப்புக்கு வரவில்லை. கணினியின் தேதி சில நாள் பின்தங்கியிருந்தது. தாய்ப்பலகையின் சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட் இருக்க வேண்டியது, மீட்டரில் 1.9 காட்டியது. கடிகாரம் முழுதாக மறந்துபோனாலும், சிஸ்டம்டி தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்துக்குத் தள்ளிவிடும். அதனால்தான் பல வருடம் பின்னால் போகாமல் சில நாளோடு நின்றது. அந்தச் சில நாளில் சர்வரின் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருந்தது. வெளியே உள்ள நேர சர்வரைக் கேட்கலாம் என்றால் தீச்சுவர், நேரம் கேட்கும் வழியான யுடிபி 123ஐ விடவில்லை. பேட்டரியை மாற்றினேன், நேரத்தை உள்வலைப்பின்னலின் ரௌட்டரிடம் கேட்கச் சொன்னேன்.

என்னையே பூட்டிக்கொண்டது

தப்பிக்கும் வழிகளை அடைப்பதுதான் கடைசி வேலை. கன்ட்ரோல் ஆல்ட் எஃப்2 அழுத்தினால் கறுப்பு டெர்மினல் வந்துவிடும். அதை எக்ஸ் அமைப்பில் ஒரு வரியால் தடுக்கலாம். ஓப்பன்பாக்ஸின் வலது சொடுக்குப் பட்டியலையும் விசைக் கட்டுகளையும் காலியாக்க வேண்டும். அச்சிடும் சாளரத்திலிருந்து கோப்புகளைத் துழாவும் சாளரத்துக்குப் போகலாம் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். அச்சு, கோப்புத் தேர்வு, நிரலாளர் கருவிகள் மூன்றையும் கொள்கையால் மூடினேன். எல்லா முகவரிகளும் தடை, நூற்பட்டியல் முகவரிக்கு மட்டும் அனுமதி.

ஏழாவதில் இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஸ்கிரிப்ட், எஸ்எஸ்ஹெச் சர்வரை நிறுவும் இடத்தில், தொகுப்புக் களஞ்சியம் பதில் சொல்லாததால் நின்றது. தோற்றால் நில் என்று நானே சொன்னதுதான். நான் கவனிக்காமல் மறுதொடக்கம் செய்தேன். நூற்பட்டியல் வந்தது. டெர்மினல் இல்லை, வெளியிலிருந்து உள்ளே போக எஸ்எஸ்ஹெச் இல்லை. உலகிலேயே மிகப் பத்திரமான கியோஸ்க். அதைக் கட்டியவனுக்கும் அதில் இடமில்லை.

தொடக்கத்தில் ஷிஃப்ட்டைப் பிடித்து, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப்பின் பட்டியலை வரவழைத்து, 'இ' விசையை அழுத்தி, கர்னல் வரியின் முடிவில், வழக்கமாக முதலில் ஓடும் இனிட்டுக்குப் பதில் பாஷைத் தொடங்கச் சொல்லி, வட்டை எழுதக்கூடியதாக மறுபடி ஏற்றி, பூட்டுக் கோப்பை அழித்தேன். ஸ்கிரிப்டில் வரிசையை மாற்றினேன்: எஸ்எஸ்ஹெச் முதலில், என் மடிக்கணினியிலிருந்து உள்ளே போக முடிகிறது என்று நான் உறுதி சொன்ன பிறகே பூட்டுகள்.

நான் நுழைந்த வழியில் வேறு யாரும் நுழையலாமே என்று க்ரப்புக்குக் கடவுச்சொல் போட்டேன். மறுநாள் காலை ஏழாவது, பக்கத்தைக் காட்டாமல் பயனர் பெயர் கேட்டு நின்றது. க்ரப்பில் மேல்நிலைப் பயனரை வைத்தால், பட்டியலைத் திருத்துவதற்கு மட்டுமல்ல, சாதாரணமாகத் தொடங்குவதற்கும் கடவுச்சொல் கேட்கும். தொடங்குவதற்குக் கட்டுப்பாடு இல்லை என்று பட்டியலின் வரிகளில் தனியாகச் சொல்ல வேண்டும்.

எட்டாவது

எட்டாவதைக் காலி வட்டிலிருந்து தொடங்கினேன். ஸ்கிரிப்டை ஓட்டினேன், அது முடிந்ததும் கையோடு இன்னொரு முறை ஓட்டினேன். இரண்டாம் முறை எந்தக் கோப்பும் மாறவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று முறை வயரைப் பிடுங்கிச் செருகினேன். மூன்று முறையும் 70 நொடிக்குள் நூற்பட்டியல். பொறுப்பாளரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எட்டாவது கணினியில் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் ஒரே வரி: விசைப்பலகையைக் காணவில்லை, தொடர எஃப்1 விசையை அழுத்தவும். இரவு மேசையைத் துடைத்தவர் விசைப்பலகையைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். இல்லாத விசைப்பலகையில் எஃப்1ஐ அழுத்தச் சொல்லும் அந்த வாக்கியம், லினக்ஸுக்கு முன்பே ஓடும் பயாஸுடையது. ஸ்கிரிப்ட் அங்கே எட்டாது. பிழை இருந்தாலும் நிற்காதே, மின்சாரம் திரும்பினால் தானே எழுந்துகொள் என்ற இரண்டு அமைப்புகளையும் மாற்ற, எட்டுக் கணினிகளின் முன்னும் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கையாலேயே.